வளையத்தின் உட்பக்கம்

இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் என்னிடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ரேடாருக்குத் தெரியாத அந்தப் புதுப் போர் விமானத்துக்கு நம்ம கம்பெனியிலதான் எஞ்சின் செய்யறாங்களாமே, நிஜமா? ரிட்டையர் ஆன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குன்றத்தூரில் காய்கறி வாங்கப் போனால் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவர் கேட்கிறார். என் நாத்தனார் வீட்டுக்காரர் மட்டும் கேட்பதில்லை, எனக்கே சொல்லித் தருகிறார். அந்த எஞ்சினுக்கு எவ்வளவு உந்துவிசை, எந்த நாட்டுக்காரன் சூட்சுமத்தைத் தருவான், எவன் கடைசி நேரத்தில் கையை விரிப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரயில்வேயில் பார்சல் பிரிவில் இருந்தவர்.

பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் தரம் பார்க்கும் க்யூ.சி.க்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியால் நம் மெஷின் ஷாப்பில் ஒரு காரியம் நடந்தது. அது எனக்கு முழுதாகத் தெரியும், ஏனென்றால் நடுவில் நின்றவள் நான். எச்.ஆர். பெண் என்னிடம், "உங்க அனுபவத்துலேர்ந்து நாலு நல்ல விஷயம் எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். நாலெல்லாம் என்னிடம் இல்லை. இந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரகடம் பக்கம் எல்லோரும் விமான எஞ்சின் நிபுணர்கள். படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினால், இறங்குவதற்குள் ஒரு எஞ்சினைக் கழற்றி மாட்டிவிடுவார்கள். முதலில் வெளிநாட்டு எஞ்சினை வாங்கிப் பொருத்திப் பறக்கவிடுவார்கள், நம்முடையது அப்புறம்தான் என்று ஒரு கட்சி. நம்முடையது எப்போதோ தயார், வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. பிள்ளைப்பாக்கத்து மனைத் தரகர் ஒருவர் நோட்டீஸில் விமானப் படமே போட்டுவிட்டார், எஞ்சின் தொழிற்சாலைக்கு மிக அருகில் என்று. எந்தத் தொழிற்சாலை என்று கேட்டேன். "வரும் மேடம், வராம எங்க பூடும்" என்றார்.

நான் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பேன். டீக்கடைப் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது எழுந்து வந்து நம் ஷாப்பில் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்போது நம் கம்பெனி நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. நாம் கார் எஞ்சின் பாகங்களும், பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் மோல்டுகளும் செய்துகொண்டிருந்தோம். மின்சாரக் கார்கள் வர வர எஞ்சின் பாகங்களுக்கு ஆர்டர் மெலிந்துகொண்டே வந்தது. எம்.டி. துணிந்து கடன் வாங்கி ஒரு புது மெஷினை இறக்கியிருந்தார். அது பாதி நாள் கவர் போட்டபடி நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போதுதான் அந்த வளையம் வந்தது.

அரசாங்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து வந்த சோதனை ஆர்டர் அது. கொஞ்சம் வளையங்கள், மெல்லிய சுவர், வாயில் வராத பெயருள்ள உலோகம், வெப்பம் மிகுந்த இடத்தில் இருக்கப்போகிறது. அவ்வளவுதான் சொன்னார்கள். டிராயிங்கில் எண் இருந்தது, பெயர் இல்லை. வளையங்கள் தேறினால் நம் கம்பெனி அவர்கள் பட்டியலில் சேரும், தொடர்ந்து வேலை வரும். தேறாவிட்டால் அந்த மெஷினுக்கு மறுபடி கவர்தான்.

அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு என்ஜினீயர் மாதம் ஒரு தடவை பெங்களூரிலிருந்து வருவார். அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்கும் பிடிக்காது. ஷாப்பில் அவருக்கு 'வாய்ப்பூட்டு சார்' என்று பெயர். ஒல்லியான மனிதர், தயிர்சாத டப்பாவைத் தானே கொண்டுவருவார், சாம்பார் மட்டும் நம் கேன்டீனில் வாங்கிக்கொள்வார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க ஆளாளுக்கு முயன்றார்கள். கேன்டீன் மாஸ்டர் ஒரு நாள் பரிமாறும் சாக்கில், "சார், அந்த பிளேனு போவசொல்ல சத்தம் கேக்குமா சார்?" என்று கேட்டார். சார் நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு முருங்கக்கா நல்லா இருக்கு" என்றார்.

இப்படி ஒருவர் வாயைக் கட்டினால் ஊர் என்ன செய்யும்? தானே பேசிக்கொள்ளும். யாரோ போனில் ஒரு எஞ்சின் படத்தைக் காட்டி, நம் வளையம் அதன் பின்பக்கத்தில், நெருப்பு கக்கும் இடத்தில் உட்காருவதாகச் சொன்னார்கள். மறுநாள் அது உறுதியான செய்தி. அதற்கு அடுத்த நாள் கேன்டீனில் ஒரு விஞ்ஞானமே உருவாகிவிட்டது. ரேடார் எப்படி ஏமாறும்? பொருள் வழவழப்பாக இருந்தால் ரேடார் வழுக்கிக்கொண்டு போய்விடும். சொரசொரப்பாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். அன்று என் தட்டில் இருந்த கூட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டேன்.

அந்த மேசையில் ஏகாம்பரமும் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர்கள் நிலம் போன இடத்தில்தான் இன்று ஒரு கம்பெனியின் லாரி நிறுத்தம் இருக்கிறது. அதைப் பற்றி அவர் புலம்பிக் கேட்டதில்லை. "அங்க வெறும் வேர்க்கல்ல தான் மேடம் வெளஞ்சிது" என்பார். கான்ட்ராக்ட் ஆளாக உள்ளே வந்து மோல்டு பாலிஷ் கற்றுக்கொண்டவர். மோல்டு என்றால் பளபளப்புதான் அதன் உயிர், உட்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் பிளாஸ்டிக் பாகம் கண்ணாடி மாதிரி வரும். இந்தப் பகுதியில் அவர் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆனால் இன்னும் கான்ட்ராக்ட்தான். எத்தனையோ வருஷக் காத்திருப்புக்குப் பிறகு அந்த வருஷம் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்ட் அப்பாவின் பெண்ணுக்கும் பர்மனென்ட் அப்பாவின் பெண்ணுக்கும் இந்தப் பக்கம் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வளையங்களில் அவருக்குக் கொடுத்த வேலை ஓரத்துப் பிசிறு எடுப்பது. உட்பக்கத்தைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தோம்.

வாய்ப்பூட்டு சார் வந்து வளையங்களை எடுத்துப்போக வேண்டிய நாள் அன்று. காலையில் ரூமைத் திறந்தேன். வளையங்கள் துணி விரித்த மேசையில் வரிசையாக இருந்தன. முதல் வளையத்தைக் கையில் எடுத்தேன். உள்ளே என் நெற்றிப் பொட்டு தெரிந்தது.

அடுத்ததை எடுத்தேன். அதிலும் பொட்டு. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்துவிட்டேன் என்று புதியவர்களுக்குப் புரிய வேண்டும். கார் பாகத்துக்கு டிராயிங்கில் சொரசொரப்புக்கு ஒரு எல்லைதான் போடுவார்கள், இதற்கு மேல் போகாதே என்று. அதற்குக் கீழே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சந்தோஷம். இந்த வளையத்துக்கு இரண்டு எல்லை. இதற்கு மேலும் போகாதே, இதற்குக் கீழும் போகாதே. ஏனென்றால் உட்பக்கத்தின் மேல் வெப்பம் தாங்கும் பூச்சு ஒன்றை அவர்கள் பூசப்போகிறார்கள். உலோகம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் பூச்சு பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் பூச்சு நிற்காது.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"யார் பண்ணது இது?"

"நாந்தான் மேடம். ஷிப்ட் முட்ச்சிட்டு ஒக்காந்து பண்ணேன். ஓ.டி. கூட எழுதல."

"உட்பக்கம் தொடாதீங்கன்னு சொன்னோமா இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா மேடம், நம்ம பிளேனுக்குப் போற சாமான். சொரசொரன்னு அனுப்ச்சா நம்ம ஊரு பேரு இன்னா ஆவறது? அப்டியே வுட மனசு வர்ல."

இந்த வட்டாரத்தில் ஒரு மனிதன் ஓவர்டைம் எழுதாமல் ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான் என்றால் அது எவ்வளவு பெரிய ஆசை என்று யோசித்துப் பாருங்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. இதைக் கேட்டதும் திட்டுவதை விட்டு வேறு ஒன்று கேட்டேன்.

"ஏகாம்பரம், உங்க வீட்டுக்கு காங்கிரீட் தூண் போட்டப்ப, பூச்சு வேலைக்கு முன்னாடி கொத்தனார் என்ன பண்ணார்?"

"கொத்து வுட்டாரு. இல்லன்னா பூச்சு நிக்காது, ஒரிஞ்சி வுழுந்துடும்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்கு உள்ள பூச்சு கீதா மேடம்?" என்று கேட்டார். தலையாட்டினேன். இரண்டு கையையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் புரொடக்‌ஷன் மேனேஜர் முருகேசன் வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கெட்டிக்காரர், எந்த இக்கட்டிலும் ஒரு வழி வைத்திருப்பார். வளையத்தைத் திருப்பிப் பார்த்து, ஏகாம்பரத்தை ஒரு முறை முறைத்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என் மேசையில் வைத்தார். உட்பக்கம் மங்கலாக, சாம்பல் நிறத்தில், முன்பிருந்த மாதிரியே இருந்தது.

"பிளாஸ்டிங்ல விட்டு மணல் அடிச்சிட்டேன். மீட்டர் வச்சுப் பாருங்க."

ஊசியைப் பரப்பின் மேல் இழுத்து சொரசொரப்பைச் சொல்லும் மீட்டர் நம் ரூமில் இருக்கிறதே, அதை வைத்தேன். எண் இரண்டு எல்லைக்கும் நட்டநடுவில் வந்தது. இன்னொரு இடத்தில் வைத்தேன். அங்கும் அப்படியே.

"பாத்தீங்களா? மிச்சத்தையும் அடிச்சிருதேன். மதியம் அவரு வாரதுக்குள்ள முடிஞ்சிரும். ஒரு ஈ காக்காக்குத் தெரியாது."

எண் சரி. டிராயிங் கேட்டது அந்த எண்ணைத்தான். நான் கையெழுத்துப் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஏகாம்பரம் தப்பித்துக்கொள்வார், கம்பெனி தப்பித்துக்கொள்ளும், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஏகாம்பரம் சுவரோரம் நின்று அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலையில் வரும் ஆபத்தான நேரம் எண் தப்பாக வரும் நேரம் என்று நினைப்பீர்கள். எண் தப்பாக வந்தால் ஒரு குழப்பமும் இல்லை, ரிஜெக்ட் என்று சிவப்பு டேக்கைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். எண் சரியாக வந்து, மனசு மட்டும் உறுத்துகிறதே, அப்போதுதான் உங்களுக்குச் சோதனை.

என்ன உறுத்தியது? பாலிஷ் பேஸ்ட்டில் கொழுப்பு இருக்கும். அதன் மேலேயே மணலை அடித்தால், அந்தப் பிசுக்கு உலோகத்துக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்குமா இருக்காதா? சுவர் மெல்லியது, தேய்த்த பிறகு மணலும் அடித்ததில் அது எங்காவது வளைந்துகொடுத்திருக்குமா? எனக்குத் தெரியாது. முருகேசனுக்கும் தெரியாது. மீட்டருக்கும் தெரியாது, அதனிடம் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"ஏன் மேடம், அளவு வரலியா?"

"வந்துடுச்சு. எப்படி வந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லாம குடுக்க மாட்டேன்."

முருகேசன் என்னோடு சண்டை போடவில்லை. நேரே எம்.டி. ரூமுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

எம்.டி. எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேடம், இது ஒண்ணு தேறினா போதும்னு ஒரு வருஷமா இருக்கேன். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியும் சார். ஆனா கார் பாகத்துல தப்பு போனா வண்டி ஏத்தி திருப்பி அனுப்புவான், நாம வேற செஞ்சு அனுப்புவோம். இவங்க கத்துக்கறதுக்காக இந்த வளையத்தை வாங்கறாங்க. இது உள்ள நாம ஒரு பொய்யை வச்சு அனுப்பினா, அந்தப் பொய்யைத்தான் அவங்க கத்துக்குவாங்க."

முருகேசன் இடையில், "பொய்யின்னு ஏன் சொல்லுதீங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

எம்.டி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்லிடுங்க. நீங்களே சொல்லுங்க. ஆர்டர் போச்சுன்னா, ஏகாம்பரம் பர்மனென்ட் ஃபைலை நான் தொட முடியாது. அதையும் நெனச்சுக்கோங்க" என்றார்.

படி இறங்கும்போது, என் நேர்மைக்கு ஏகாம்பரத்தின் பெண் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கீழே போய் ஏகாம்பரத்திடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன், பர்மனென்ட் சங்கதியையும் சேர்த்து. அவர், "நீங்க சொல்றதுக்கு முன்ன நானே சொல்லிட்டா நல்லா இருக்குமா மேடம்?" என்றார்.

வாய்ப்பூட்டு சார் வந்தார். தயிர்சாத டப்பாவை ஓரமாக வைத்தார். வளையங்களைப் பார்த்ததும் முதலில் எடுத்தது முருகேசன் மணல் அடித்ததைத்தான். தடவிப் பார்த்தார், மீட்டர் வைத்தார், தலையாட்டினார். "இது நல்லா இருக்கு. மத்ததெல்லாம் ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

ஏகாம்பரம் முன்னால் வந்து நின்றார். "சார், அதுவும் இப்டித்தான் இருந்துச்சு. நான்தான் எல்லாத்தையும் பாலிஷ் போட்டேன். பூச்சு கீதுன்னு தெரியாது. தொடாதன்னு சொல்லியும் தொட்டேன். அது மேல மணல் அட்ச்சிகீது. மேடம் மேல தப்பில்ல, நான் பண்ணது" என்றார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, எதையாவது விட்டுவிட்டேனா என்பது போலப் பார்த்தார்.

சார் மணல் அடித்த வளையத்தை மறுபடி கையில் எடுத்தார். நேரம் எடுத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

"நீங்க சொல்லலன்னா இதை நான் சந்தோஷமா எடுத்துட்டுப் போயிருப்பேன். பூச்சு பூசி, நெருப்புல வச்சு ஓட்டியிருப்போம். உரிஞ்சிருக்கும்னு வைங்க. நாங்க வளையத்தை சந்தேகப்பட மாட்டோம், அளவுதான் சரியா இருக்கே. பூச்சு கலவையத்தான் சந்தேகப்படுவோம். நல்லா இருக்கிற கலவைய மாத்துவோம். மாத்தினதும் உரியும். மறுபடி மாத்துவோம். ஜனங்க கேப்பாங்க, ஏன் இவ்ளோ வருஷம் ஆகுது, இவங்களுக்கு எஞ்சின் செய்யத் தெரியாதான்னு." வளையத்தை மேசையில் வைத்தார். "இப்படித்தான் வருஷம் ஆகுது."

பிறகு ஏகாம்பரத்தை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். எந்தத் தாளில் ஆரம்பித்தார், எந்தத் தாளுக்கு மாறினார், பேஸ்ட் எது, எதைக் கொண்டு துடைத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஏகாம்பரம் முதலில் குற்றவாளி மாதிரி பதில் சொன்னார். போகப் போகத் தொழில்காரர் மாதிரி சொன்னார். அந்த மாற்றத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மீட்டரைத் துடைத்து உறையில் போட்டேன்.

கடைசியில் சார், பாலிஷ் போட்டதில் ஒன்றையும், மணல் அடித்ததையும் தனித்தனியாகக் கட்டச் சொன்னார். எது எப்படி ஆனது என்று டேக்கில் பெரிதாக எழுதச் சொன்னார். "கெட்டுப்போனது எப்படிக் கெட்டுப்போச்சுன்னு சொல்லி யாரும் எங்களுக்குக் குடுக்கறதில்ல. இதை ஓட்டிப் பாக்கணும்" என்றார். எம்.டி.யிடம், இந்தத் தொகுதி கணக்கில் வராது, புதிதாகச் செய்து கொடுங்கள், தேறுமா தேறாதா என்பதை அப்போது பார்ப்போம் என்றார். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. போகும்போது சாம்பார் கேட்டார். தீர்ந்துபோயிருந்தது.

அடுத்து என்ன, எல்லோருக்கும் மாலையா என்று கேட்காதீர்கள். புது உலோகத்துக்கான செலவு கம்பெனி தலையில் விழுந்தது. ஏகாம்பரத்தின் ஃபைல் அந்த வருஷம் நகரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கிறோம் என்றார்கள், பிறகு வரவில்லை. அவர் என்னிடம் அதைச் சொன்னபோது குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதனாலேயே எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. முருகேசன் என்னோடு சில வாரம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்து, பிசிறு எடுக்கும்போது உட்பக்கத்தை மூடிவைக்க ஒரு ரப்பர் உறை செய்திருப்பதாகக் காட்டினார். நன்றாக இருந்தது. இன்றைக்கும் நீங்கள் அதைத்தான் மாட்டுகிறீர்கள்.

புது வளையங்களுக்கு ஏகாம்பரம்தான் பிசிறு எடுத்தார். உட்பக்கத்தை யாராவது விரலால் தொட்டால் போதும், "கைய எடு, அது உன் வூட்டு கண்ணாடியா?" என்று சீறுவார். கேன்டீன் விஞ்ஞானிகளின் வாயையும் அவர் ரேடார் விஷயத்தில் அடைத்துவிட்டார். ஆனால் பிளேன் பேச்சை மட்டும் விடவில்லை. விட வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அந்த ஆசை இல்லாதவனுக்கு ஷிப்ட் முடிந்ததும் பஸ்தான் கண்ணுக்குத் தெரியும். ஆசை எந்தப் பக்கம் உப்புத்தாளைத் தேய்க்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் நாம் இருக்கிறோம்.

மாதங்கள் ஓடின. செய்தியே இல்லை. கவர் போட்ட மெஷினைக் கடக்கும்போது எம்.டி. மறுபடி முகத்தைத் திருப்பத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் காலை முன்னறிவிப்பு இல்லாமல் வாய்ப்பூட்டு சார் வந்தார். எங்கள் எல்லோரையும் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு அழைத்தார். பையிலிருந்து பழைய பனியன் துணியில் சுற்றிய மூன்று துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். வளையங்களை வெட்டியெடுத்த துண்டுகள்.

முதலாவது பாலிஷ் போட்டது. உள்ளே வெறும் உலோகம், நெருப்பில் நீலம் பாய்ந்து கிடந்தது. பூச்சு இருந்த சுவடே இல்லை. இரண்டாவது, முருகேசன் மணல் அடித்தது. நடுவில் பூச்சு நின்றிருந்தது. ஓரத்திலோ மழை ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பி உரிவது போல உரிந்திருந்தது. முருகேசன் அதைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "என் கண்ணு முன்னால மீட்டர்ல பாஸ் ஆச்சே" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னிடம், "நல்ல காலம் மேடம்" என்றார்.

எம்.டி. கேட்டார், "சார், இது பறந்ததா?"

"இல்ல. தரையில கட்டிப்போட்டு ஓட்டினது. இன்னும் ரொம்பத் தூரம் இருக்கு." எந்த எஞ்சின், எந்த விமானம் என்று அப்போதும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தொகுதிக்கான டிராயிங்கைப் பையிலிருந்து எடுத்து எம்.டி. கையில் கொடுத்தார். வளையத்தின் எண் மாறியிருந்தது, அளவு பெரிதாகியிருந்தது. எம்.டி. அதைப் பிரித்துப் படிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். ஏகாம்பரத்தின் ஃபைல் நகர்ந்தது அதற்குப் பிறகுதான். பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே நல்ல இடம் அமைந்தது. பந்தியில் ரசம் ஊற்றியவர் எஞ்சினைப் பற்றிக் கேட்டார் என்றேனே, அந்தக் கல்யாணத்தில்தான்.

அந்தக் காலைக்கே திரும்புகிறேன். மூன்றாவது துண்டு மேசையில் இருந்தது, புதுத் தொகுதியிலிருந்து வெட்டியது. வெளிப்பக்கம் கன்னங்கரேல் என்று கருகியிருந்தது. ஏகாம்பரம் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தார். சார் அவரை விரலால் அழைத்தார். கிட்ட வந்தார், ஆனால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உட்பக்கம் தொட்டுப் பாருங்க" என்றார் சார்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு உள்ளே வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகத் தடவினார். திரும்ப ஒரு தடவை தடவினார்.

"ஒட்டிக்கினு கீது மேடம்" என்றார்.

துண்டைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும், யாரிடமும் விட்டுவைக்க அனுமதி இல்லை. வாய்ப்பூட்டு சார் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் விரலை எடுக்கவில்லை. சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.